ஒரு இடைவெளி தின்ற மூன்று நாள்

தி.நகர் துணிக்கடைக்காரருக்கு இரண்டாவது டொமைனைப் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் விர்ச்சுவல் அலையஸாக (ஒரு முகவரிக்கு வரும் அஞ்சலை வேறொரு முகவரிக்குத் திருப்பும் பட்டியலில்) சேர்த்தேன். இன்ஃபோ, சேல்ஸ் என்று இரண்டு முகவரிகள். சேல்ஸுக்கு வரும் அஞ்சலெல்லாம் 'விர்ச்சுவல் அலையஸ் டேபிளில் இப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பியது.

டொமைனின் அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைச் சந்தேகித்தேன். அது சரியாகவே இருந்தது. சர்வர் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும் டொமைன்களின் பட்டியலான மைடெஸ்டினேஷனிலும் அதே டொமைன் இருக்கிறதென்று லாக் எச்சரித்தது; எடுத்தேன். அலையஸ் பட்டியலைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டினேன், ரீலோடு செய்தேன். ம்ஹூம்.

அப்புறம், ஒரு முகவரியைப் பட்டியலில் தேடிப் பார்க்கும் போஸ்ட்மேப் மைனஸ் க்யூ போட்டு சேல்ஸைக் கேட்டால் பதிலே இல்லை. சும்மா இன்ஃபோவைக் கேட்டேன். அதன் பதிலுக்குள்ளேயே சேல்ஸ் வரி முழுசாக ஒட்டிக்கொண்டு வந்தது!

முகவரிகளை வாட்ஸ்அப்பிலிருந்து பட்டியலில் ஒட்டியதில் சேல்ஸ் வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி. இடைவெளியில் தொடங்கும் வரியைப் போஸ்ட்ஃபிக்ஸ் முந்தைய வரியின் தொடர்ச்சியாகவே படிக்கும். அதை அழித்து, மறுபடி போஸ்ட்மேப். அடுத்த நிமிடமே அஞ்சல் வந்துவிட்டது.