அப்பா சொன்னதும் மகள் சொன்னதும்

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்க்கும் செவிலியர் நான். உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈக்யூ-5டி-5எல் படிவம் என் பையில் எப்போதும் இரண்டு இருக்கும். ஒன்று நோயாளிக்கு, மற்றது அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு; இருவர் விடையும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று ஒப்பிடுவதற்காக. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அன்றாடக் காரியங்கள், வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள்; ஒன்று என்றால் சிரமமே இல்லை, ஐந்து என்றால் மிக மோசம். கடைசியில், இன்றைய உடல்நிலைக்கு 0 (மிக மோசம்) முதல் 100 (மிக நன்று) வரை ஓர் அளவுகோல்.

இருவரிடமும் ஒரே நாளில், ஆனால் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு வீட்டில் பெரியவரிடம் "வலி இருக்கிறதா ஐயா?" என்றேன். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றார். அவள் அடுப்படிக்குப் போனதும் இடது தோளைத் தடவிக் காட்டினார். "ராத்திரி தூங்க விடுவதில்லை அம்மா. அவளிடம் சொல்லிவிடாதே, பாவம்." வலிக்கு அவர் குறித்தது நான்காம் நிலை, மகள் குறித்தது இரண்டு. பிறகு அவர் சம்மதத்தோடுதான் மகளிடம் பேசினேன்.

உறவினரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். "உங்கள் பார்வையில் அவர் எப்படி இருக்கிறார்?" என்பது ஒன்று. "கேட்டால் அவர் தன்னைப் பற்றி என்ன சொல்வார்?" என்பது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. கலந்துவிட்டால் ஒப்பீடு வீண்.

பிறகு கேள்வி கேள்வியாக ஒப்பிடுங்கள். கண்ணால் பார்க்கக்கூடிய நடையிலும் குளியலிலும் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். வலியிலும் கவலையிலும்தான் விலகுவார்கள். பொதுவாக, நோயாளி சொல்வதைவிட மோசமாகவே வீட்டார் குறிப்பார்கள். இந்த மகளோ வலியைக் குறைத்துக் குறித்தாள். அதனால் வித்தியாசம் எந்தப் பக்கம் என்பதையும் கூட்டல், கழித்தல் குறியோடு எழுதுங்கள். பார்த்துக்கொள்பவர் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றும் கேட்டு எழுதுங்கள். களைத்துப் போனவருக்கு எல்லாமே மோசமாகத் தெரியும்.

பல வீடுகளின் விடைகளைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இருவரின் எண்களும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்ணை, மட்டும் நம்ப வேண்டாம். அந்த அளவுகோலில் எல்லா உறவினரும் சரியாக 20 குறைத்தே சொன்னாலும் அது 1, அதாவது முழுப் பொருத்தம், என்றே காட்டும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் விளக்கிய படத்தை வரையுங்கள்: கிடையச்சில் இருவரின் சராசரி, நெடுக்கச்சில் வித்தியாசம்.

பேச்சு போனவர் என்றதும் படிவத்தை வீட்டாரிடம் நீட்டிவிடாதீர்கள். அளவுகோல் தாளை அவர் முன் நிமிர்த்திப் பிடித்து, நன்றாக இருக்கும் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.