அம்பு ஏன் வாலாட்டுகிறது? ரிகர்வ் வில்லில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வரிசை

அம்பு நேராகப் போகவில்லை என்றதும் பலர் புது அம்பு வாங்கத்தான் கிளம்புகிறார்கள். ஒரு டஜன் கார்பன் அம்பு வந்து சேர்ந்த பிறகும் அதே ஆட்டம் தொடரும். கோளாறு நாணில் கட்டிய முடிச்சிலோ, ஈரத்தில் படிந்துபோன இறகிலோ இருந்திருக்கும். காவிரிப் படுகையின் ஈரக்காற்றும் கோடை வெயிலும் வில்லின் அளவுகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். அதனால் இங்கே அம்பைக் குறை சொல்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை அதிகம்.

கீழே உள்ளது கைப்பிடிக்கு மேலே வெட்டப்பட்ட மேடையில், அதாவது ஷெல்ஃபில், அம்பை வைத்து விரலால் இழுத்து எய்யும் மர ரிகர்வ் (முனைகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கம் வளைந்த) வில்லுக்கானது. இட வல திசைகள் வலது கையால் நாண் இழுப்பவருக்குச் சொல்லப்பட்டவை. இடது கைக்காரர் அவற்றைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

ஆட்டம் இரண்டு வகை. விரால் வாலை வீசுவதுபோல அம்பின் பின்புறம் இடமும் வலமும் போனால் அது பக்கவாட்டுக் கோளாறு. குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திப்போவதுபோல மேலும் கீழும் எழும்பினால் அது செங்குத்துக் கோளாறு. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், எய்பவரின் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் நின்று செல்போனின் ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். செங்குத்து ஆட்டத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். அது இருக்கும்வரை பக்கவாட்டுச் சோதனை சொல்லும் எதையும் நம்ப முடியாது.

வைக்கோல் பொய் சொல்லும்

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காலியானதும் எய்வதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. இயந்திரம் சுருட்டிப்போட்ட வைக்கோல் உருளைகளும் மலிவாகக் கிடைக்கும். இலக்குக்கு அவை நன்றாகவே உதவும். ஆனால் குத்தி நிற்கும் அம்பின் வால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக் கோளாறைத் தீர்மானிக்காதீர்கள். உருளையின் தட்டைப் பக்கத்தில் எய்தால் அம்பு அடுக்குகளுக்கு இடையே உள்ள சந்தில் நுழைந்து, அந்தச் சந்து போகும் பக்கமே திரும்பிவிடும். பனியில் நனைந்த அடிப்பகுதி ஒரு மாதிரியும் காய்ந்த மேல்பகுதி வேறு மாதிரியும் அம்பைப் பிடிக்கும். சாக்கில் இறுக்கி அடைத்த வைக்கோல் கொஞ்சம் மேல், அதுவும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. அம்பு எங்கே குத்தியது என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பின்தடுப்பாக வாய்க்கால் கரை போதும் என்று நினைப்பவர்கள் கரைமேல் ஆள் நடக்கும் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது பின்தடுப்பு ஆகாது. சரிபார்க்கும் வேளையில் அம்பு எதிர்பாராத பக்கம் போகும். 40 பவுண்டு இழுப்பு எடை கொண்ட வில்லின் அம்பு நூறு மீட்டரைச் சுலபமாகத் தாண்டும்.

ஆடி மாதக் காற்றில் சோதனையே வேண்டாம். அம்மியைத் தூக்கும் காற்று இறகை விட்டுவைக்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிடும். விடிந்ததும் ஒரு மணி நேரம்தான் சரியான பொழுது.

வில்லிலிருந்து தொடங்குங்கள்

நாணேற்றிய வில்லைச் செங்குத்தாகப் பிடித்து, நாண் இருக்கும் பக்கத்திலிருந்து பாருங்கள். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் வில்லின் கைகளான மேல் லிம்ப், கீழ் லிம்ப் இரண்டின் நடுவிலும் நாண் ஓட வேண்டும். ஏதாவது ஒரு முனையில் விலகினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுவைப்பதால் வரும் வினை பெரும்பாலும் இதுதான். சூட்டில் ஃபைபர்கிளாஸையும் மரத்தையும் ஒட்டிய பசை இளகும். ஒட்டு விட்டுப் பிரிந்த கோடு தெரிந்தால் அந்த வில்லை இனி இழுக்கக் கூடாது.

அடுத்தது பிரேஸ் ஹைட். கைப்பிடியின் ஆழமான குழிவிலிருந்து நாண்வரை செங்குத்தாக அளக்கும் தூரம் இது. 60 அங்குல வில்லுக்கு ஏறத்தாழ 7¼ முதல் 8¼ அங்குலம், 66 அங்குலத்துக்கு 8¼ முதல் 9 அங்குலம். தயாரிப்பாளர் கொடுத்த அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டேக்ரான் (பாலியஸ்டர் இழை) நாண் வெயிலில் நீளும். நீண்டால் பிரேஸ் ஹைட் இறங்கும். இறங்கினால் நாண் அம்பைக் கூடுதல் நேரம் பிடித்திருக்கும், இறகு ஷெல்ஃபில் உரசும், மணிக்கட்டிலும் அடி விழும். காலையில் ஒழுங்காகப் போன அம்பு பதினோரு மணிக்கு ஆடுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

ஏற்றுவதற்கு, நாணை ஒரு முனையில் கழற்றி ஏற்கெனவே இருக்கும் முறுக்கின் திசையிலேயே நாலைந்து சுற்று முறுக்கி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ⅛ அங்குலம் (3 மி.மீ.) ஏற்றி ஆறு அம்பு எய்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் மிகக் குறைவாகவும் கைப்பிடியில் அதிர்வு அடங்கியும் இருக்கும் அளவுதான் உங்கள் அளவு. நாணின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் ஒரு சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டியிருந்தால் நாண் நீளம் கூடுதல், மாற்றிவிடுங்கள்.

நாக் முடிச்சு

நாக் என்பது அம்பின் வால்முனையில் நாண் நுழையும் பிளவு. அது நாணில் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதுதான் இந்த முடிச்சு. மேலும் கீழும் தத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பவ் ஸ்கொயர் என்னும் வில் அளவுகோல் இல்லாவிட்டால் தச்சரின் மூலைமட்டம் போதும். மட்டத்தின் ஒரு கையை ஷெல்ஃபில் படியவைத்து, மற்ற கையை நாணோடு ஒட்டுங்கள். ஷெல்ஃபின் மட்டக்கோட்டிலிருந்து முடிச்சின் அடிப்புறம்வரை அளக்க வேண்டும். அம்புக்கு மேல் ஒரு விரலும் கீழ் இரண்டு விரலும் வைத்து இழுப்பவர் ½ அங்குலத்தில் (12–13 மி.மீ.) தொடங்கலாம். மூன்று விரலையும் கீழே வைப்பவர் ⅝ அங்குலத்தில் (16 மி.மீ.) தொடங்கலாம். பித்தளை வளையத்தை விட மெழுகு நூலால் கட்டிய முடிச்சுதான் வசதி. நாணின் நடுவில் சுற்றிய காப்புநூலிலேயே திருகி மேலும் கீழும் நகர்த்தலாம். அளவு முடிவான பிறகு ஒரு சொட்டு ஃபெவிக்விக் வையுங்கள், முன்னால் வேண்டாம்.

நாக்குக்குக் கீழேயும் ஒரு முடிச்சு தேவை. இல்லாவிட்டால் எய்யும்போது நாக் நாணில் கீழே வழுக்கும். இரண்டு முடிச்சுக்கும் நடுவில் நாக்கை இறுக்கிவிடாதீர்கள். முழுதாக இழுத்தபோது நாண் கோணமாக மடிவதால், ஒன்றரை மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

நாக் நாணைப் பிடிக்கும் இறுக்கத்தையும் பாருங்கள். அம்பைக் கீழே தொங்கும்படி நாணில் மாட்டி, நாக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நாணை விரலால் தட்டினால் அம்பு விழ வேண்டும். விழாவிட்டால் இறுக்கம் அதிகம். அந்த அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி நாணை விட்டுக் கிளம்பும். தட்டாமலே விழுந்தால் தளர்வு. எய்யும் நேரத்தில் நாக் கழன்றால் வெறும் வில் எய்ததற்குச் சமம், லிம்ப் பிளக்கும்.

இறகு

ஷெல்ஃபிலிருந்து எய்யும் அம்புக்கு இறகுதான், இறகுக்குப் பதில் ஒட்டும் பிளாஸ்டிக் தகடான வேன் அல்ல. இறகு உரசினால் மடிந்து கொடுக்கும், பிளாஸ்டிக் அம்பைத் தள்ளிவிடும். 4 அல்லது 5 அங்குல வான்கோழி இறகு மூன்று, ஒரே சிறகுப் பக்கத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். இடச்சிறகையும் வலச்சிறகையும் ஒரே அம்பில் கலந்தால் சுழற்சி கெடும். தோட்டத்தில் கிடக்கும் மயிலிறகை ஒட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். மயில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை.

ஐப்பசி, கார்த்திகையில் இறகு நனைந்து அம்போடு ஒட்டிப் படிந்துவிடும். படிந்த இறகு அம்பைத் திருத்தாது. அதுவரை மறைந்திருந்த சின்னக் கோளாறெல்லாம் வெளியே வரும். உலர்ந்த பிறகும் நிமிராவிட்டால் இட்லிப் பானை ஆவியில் ஒரு கை தூரத்தில் பத்துப் பதினைந்து வினாடி அம்பைச் சுழற்றுங்கள், இறகு பழையபடி விரியும். பக்கத்தில் கொண்டுபோனால் பசை இளகிவிடும். விரித்த பிறகு நீர் ஒட்டாத பவுடர் பூசிவைத்தால் தூறலைத் தாங்கும்.

உரசுகிறதா என்று அறிய ஷெல்ஃபிலும், எய்யும்போது அம்பு பக்கவாட்டில் சாயும் பக்கத்தடுப்பிலும் டால்கம் பவுடர் தூவி மூன்று அம்பு எய்யுங்கள். பவுடர் கலைந்த இடமே பதில். மூன்றில் தனி நிறமாக இருக்கும் இறகு வில்லை விட்டு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

வெற்றம்புச் சோதனை

இது நேரம் கொடுத்துச் செய்ய வேண்டியது. ஒரே நீளம், ஒரே முனை எடை கொண்ட அம்புகளில் மூன்றுக்கு இறகு, இரண்டுக்கு இறகு இல்லை; இறகில்லாததுதான் வெற்றம்பு. இறகின் எடைக்கு ஈடாக வெற்றம்பின் பின்புறம் கொஞ்சம் டேப் சுற்றுங்கள். முதலில் 6 மீட்டர், பிறகு 10, கடைசியில் 15 மீட்டர். இறகுள்ள மூன்றும் 15 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழாத நாளில் இந்தச் சோதனை பயன்படாது. அன்று கையில் தவறு, அம்பில் அல்ல.

வெற்றம்பு கீழே குத்தினால் நாக் முடிச்சு உயரம் அதிகம், 1 மி.மீ. இறக்குங்கள். மேலே குத்தினால் ஏற்றுங்கள். இதில் ஒரு சூது உண்டு. முடிச்சு மிகத் தாழ்ந்திருந்தால் அம்பின் பின்புறம் ஷெல்ஃபில் மோதி மேலே துள்ளும். அப்போது உயரம் அதிகம் என்பதுபோலவே தெரியும். இறக்க இறக்க மோசமாகிறது என்றால் நிறுத்திவிட்டு, பழைய அளவுக்கு மேலே ஏற்றிப் பாருங்கள்.

செங்குத்து சரியான பிறகு பக்கவாட்டு. அம்புத்தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதுதான் ஸ்பைன். வெற்றம்பு இடப்பக்கம் போனால் ஸ்பைன் விறைப்பு, அதாவது அம்பு வளைவது போதவில்லை. வலப்பக்கம் போனால் ஸ்பைன் தளர்வு. விறைப்பாக இருந்தால் முனை எடையைக் கூட்டுங்கள்: 100 கிரெயினிலிருந்து (6.5 கிராம்) 125க்கு (8.1 கிராம்), போதாவிட்டால் 145க்கு (9.4 கிராம்). பக்கத்தடுப்பைக் கொஞ்சம் மெல்லியதாக்கி அம்பை வில்லின் நடுவுக்குக் கொண்டுவந்தாலும் விறைப்பு குறைந்து தெரியும். தளர்வாக இருந்தால் முனை எடையைக் குறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் வெட்ட வேண்டும், ஒரு தடவைக்கு ¼ அங்குலம் (6 மி.மீ.). வெட்டியதை ஒட்ட முடியாது, ஆகவே முழு நீளமாகவே வாங்குங்கள். கார்பனை அதிவேக உராய்வுத் தட்டால், முகக்கவசம் போட்டு வெட்ட வேண்டும். தூள் நுரையீரலுக்குக் கேடு.

இங்கேயும் பொய்க் குறி உண்டு. மிகத் தளர்ந்த அம்பு பக்கத்தடுப்பில் மோதி இடப்பக்கம் எகிறும், பார்ப்பவர் விறைப்பு என்பார். சந்தேகம் வந்தால் இலேசான முனையைப் போடுங்கள். உண்மையான விறைப்பானால் இன்னும் இடப்பக்கம் போகும். வலப்பக்கம் திரும்பி வந்தால் அம்பு தளர்வுதான்.

எந்த ஸ்பைனில் தொடங்குவது? வில்லில் எழுதியிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கானது. நீங்கள் 26 அங்குலம் இழுப்பவரானால் 40 பவுண்டு வில் உங்கள் கையில் 35, 36தான். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசை நாணில் மாட்டி, உங்கள் இழுப்பு நீளத்தில் அளந்துவிடுங்கள். கையில் 40 பவுண்டு, 29 அங்குல அம்பு, 125 கிரெயின் முனை என்றால் 600 ஸ்பைன் நல்ல தொடக்கம், 45க்கு 500. எண் கூடினால் அம்பு தளர்ந்தது என்று பொருள்.

ஸ்பைன் எண் அழிந்துபோன கார்பன் அம்பை வீட்டிலேயே அளக்கலாம். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி, நடுவில் 880 கிராம் எடை. அம்பு அரை அங்குலம் (12.7 மி.மீ.) தாழ்ந்தால் அது 500. மர அம்புக்குக் கணக்கு வேறு: 26 அங்குல இடைவெளி, 907 கிராம் (2 பவுண்டு) எடை, 26ஐத் தாழ்ந்த அங்குலத்தால் வகுத்தால் பவுண்டில் விடை. 0.6 அங்குலம் தாழ்ந்தால் ஏறத்தாழ 43 பவுண்டு.

மூங்கில் அம்பு வைத்திருப்பவர் இந்த அளவைக் கால் சுற்று திருப்பி இரண்டு முறை எடுக்க வேண்டும். மூங்கில் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் இளக்கமாகவும் இருக்கும். விறைப்பான பக்கத்தில் புள்ளி வைத்து, எல்லா அம்பிலும் அந்தப் புள்ளி வில்லைத் தொடும்படி நாக்கை அமையுங்கள். மழைக்காலத்தில் கோணிய மூங்கிலைத் தணலுக்கு மேலே கை தாங்கும் சூட்டில் காட்டி, கணுவில் எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் நிமிரும்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இரு முனையையும் பிடித்து, முகத்துக்கு எதிராக இல்லாமல் இலேசாக வளைத்துத் திருப்புங்கள். கிறுகிறு என்ற சத்தமோ கோடோ இருந்தால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசலுள்ள கார்பன் எய்யும்போது சிதறி, வில் பிடித்த கையில் ஏறும்.

எல்லாம் சரி, ஆனாலும் ஆடுகிறதா?

கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரல் நாக்கை அழுத்தினால் அம்பு தத்தும். நாண் இழுக்கும் விரல்களில் மாட்டும் தோல் பட்டை சுருங்கி மடிப்பு விழுந்தாலும் இதே விளைவுதான். வியர்வையில் நனைந்த பட்டை நாணைத் தயங்கி விடும், மாற்று ஒன்று இருக்கட்டும். கைப்பிடியை இறுக்கினால் வில் திரும்பி அம்பு பக்கத்துக்கு ஓடும். இழுப்பு ஒரு அங்குலம் மாறினால் எடையில் இரண்டு மூன்று பவுண்டு மாறும், அதோடு ஸ்பைன் கணக்கும் மாறும். அம்பில் இழுப்பு முடியும் இடத்தில் ஒரு நூல் கட்டி, அது ஒவ்வொரு முறையும் ஷெல்ஃப் விளிம்புக்கு வருகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபதாவது அம்பில் நூல் முன்னால் நிற்க ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். தொடர்ந்து அப்படியே என்றால் வில்லின் எடை உங்களுக்கு அதிகம்.

வெற்றம்பும் இறகம்பும் 15 மீட்டரில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் சேர்ந்துவிட்டால் பிரேஸ் ஹைட், நாக் உயரம், முனை எடை மூன்றையும் டேப்பில் எழுதிக் கீழ் லிம்பின் உட்புறம் ஒட்டிவையுங்கள். புது நாண் மாட்டினால் ஐம்பது அறுபது அம்பு எய்து அது நீண்டு அடங்கிய பிறகு இதே எண்களுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.