தென் அமெரிக்கக் கெளுத்தி எந்தக் குடும்பம்? கையில் வைத்துக் கண்டறியும் முறை

அமேசான், ஒரினோகோ, பரானா ஆற்றுக் கெளுத்திகளை அடையாளம் காணும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் போய்விடும். எலும்பும் பல்லும் அப்படியே இருக்கும். பத்து மடங்கு கைலென்ஸ், மெல்லிய ஊசி, பக்கவாட்டில் விழும் வெளிச்சம் போதும். மீனின் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பளபளப்பு இருந்தால் நுண்ணிய பற்கள் தெரியாது.

முதலில் உடலின் பக்கம். கெளுத்திக்குச் செதில் கிடையாது. செதில்போலத் தெரிவது எலும்புத் தட்டு. நடு உடலில் தட்டு வரிசைகளை எண்ணுங்கள். மேலொன்று கீழொன்றாக இரண்டே வரிசை என்றால் காலிக்தியிடே. மீன்தொட்டிகளில் வளர்க்கும் கோரிடோராஸ் இதில் வரும். மூன்றோ அதற்கு மேலோ இருந்து, வாய் அடிப்பக்கம் உறிஞ்சுவாயாக இருந்தால் லோரிகாரியிடே. ஒரே வரிசை, தட்டுதோறும் பின்னோக்கிய முள் என்றால் டோராடிடே.

பலரும் தவறுவது இங்கேதான். கவசம் இருப்பதை வைத்து டோராடிடேயையும் மற்ற இரண்டு குடும்பங்களையும் ஒரே கூட்டமாக நினைத்துவிடுகிறார்கள். லோரிகாரியிடே மீனின் தட்டில் ஊசியை வாலிலிருந்து தலைப்பக்கம் இழுத்துப் பாருங்கள், சொரசொரக்கும். லென்ஸில் நுண்பற்கள் வரிசையாகத் தெரியும். தாடைப் பல்லைப் போலவே அவற்றிலும் உள்ளே கூழறை, மேலே பற்திசு உண்டு. டோராடிடேயின் தட்டில் இந்தத் தோல்பற்கள் இல்லை. அது பக்கக்கோட்டின் (உடலின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் உணர்வுக் கோட்டின்) எலும்புகள் பெருத்து உருவான கவசம். இரண்டும் தனித்தனியே தோன்றியவை.

உறவைக் காட்டுவது தோல்பல்தான். தட்டே இல்லாத டிரைக்கோமைக்டெரிடேயின் செவுள்மூடியில் அவை கொத்தாக நிற்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, பெரிய மீன்களின் செவுளுக்குள் புகும் கண்டிரு என்ற சிறு மீன் அவற்றால்தான் பிடித்துக்கொள்கிறது. ஆண்டிஸ் ஓடைகளில் வாழும் அஸ்ட்ரோபிளெபிடேயும் தட்டற்றது, ஆனால் உறிஞ்சுவாய் உண்டு. லோரிகாரியிடேவுக்கு மிக நெருங்கிய உறவு அதுதான்.

தோல் வெறுமையாக இருந்தால் முதுகின் பின்பகுதியில் கொழுப்புத் துடுப்பை, அதாவது முதுகுத் துடுப்புக்குப் பின்னால் உள்ள சதைப்பற்றான துடுப்பை, தேடுங்கள். அது இல்லாமல், தலை தட்டையாக, வால் மெலிந்திருந்தால் அஸ்பிரெடினிடே. பெரிய கொழுப்புத் துடுப்பும் மூன்று ஜோடி மீசையும், அதில் மேல்தாடை மீசை நீண்டும் இருந்தால் பெரும்பாலும் பிமெலோடிடே. ஹெப்டாப்டெரிடேயும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், அவசரப்படாதீர்கள்.

பேரினம்வரை போக, துடுப்புக் கதிர்களை எண்ண வேண்டும். தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் புகுந்துவிட்ட சக்கர் மீனையே எடுத்துக்கொள்வோம். கடைகளில் இதை ஹைப்போஸ்டோமஸ் என்று விற்பதுண்டு. முதுகுத் துடுப்பின் தொடக்கத்தில் இருக்கும் குட்டி முள் பூட்டுப்போலச் செயல்படுகிறது. அதை எண்ணக் கூடாது. அதை ஊசியால் அசைத்துத் தளர்த்திய பிறகே துடுப்பை மடக்குங்கள், வலிந்து அழுத்தினால் அடி எலும்பு முறியும். பெரிய முள்ளுக்குப் பின்னுள்ள கிளைத்த கதிர்களை எண்ணுங்கள். அடிவரை பிளந்த கடைசிக் கதிர் ஒன்றாகவே கணக்கு. ஏழு என்றால் ஹைப்போஸ்டோமஸ், பத்தோ அதற்கு மேலோ என்றால் டெரிகோப்ளிக்திஸ். டெரிகோப்ளிக்திஸில் வயிற்றுப் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் பர்டாலிஸ் இனம், ஒன்றோடொன்று இணைந்து நெளிந்திருந்தால் டிஸ்ஜங்க்டிவஸ். இடைப்பட்ட வடிவமானால் பேரினத்தோடு நிறுத்துங்கள்; குடியேறிய கூட்டங்களில் கலப்பு உண்டு. பிடித்ததை மீண்டும் ஏரியில் விடாதீர்கள்.

மாதிரியைச் சேமிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் சிறு தசைத்துண்டை அதன் பத்து மடங்கு அளவு 95% எத்தனாலில் போடுங்கள். பிறகுதான் உடலை 10% ஃபார்மலினில், அதாவது கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்த்த கரைசலில், வைக்க வேண்டும். ஃபார்மலின் முந்தினால் டிஎன்ஏ சிதையும். பெரிய மீனின் வயிற்றை வலப்பக்கம் கீறுங்கள், படமெடுப்பது இடப்பக்கத்தை. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். நன்கு இறுகியதும் நீரில் அலசி 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

வகைப்பாடு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. கெளுத்திகளில் மேல்தாடையில் பல் உள்ள டிப்ளோமிஸ்டிடே குடும்பம்தான் முதலில் பிரிந்தது என்று உடலமைப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. 2006இல் ராக் (rag1, rag2) என்ற இரண்டு மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு லோரிகாரியிடே சார்ந்த கூட்டத்தை முதல் கிளையாக வைத்தது. 2024இல் கோரிடோராஸும் பல பேரினங்களாகப் பிரிந்தது: கோரிடோராஸ் ஏனியஸ் இப்போது ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா, கோரிடோராஸ் பேலியேட்டஸ் இப்போது ஹோப்லிசோமா பேலியேட்டம். ஆகவே சீட்டில் பழைய பெயர், புதிய பெயர், பிடித்த ஆறு, தேதி நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.