பெற்றோரின் குழிமேட்டில் தொடங்குங்கள்

பெற்றோர் மறைந்தபின் பேச்சு நின்றுபோன உடன்பிறப்புகள் எங்கள் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஏராளம். லயன் அறை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறை, யாருக்கு, சம்பளத்தில் பிடித்துச் சேரும் சேமலாப நிதிப் பணம் யார் கைக்குப் போனது, கருமாதிச் செலவில் யார் பங்கு தரவில்லை என்று தொடங்கும் மனத்தாங்கல் பல வருடமானாலும் ஆறுவதில்லை. நானும் என் அண்ணனும் ஆறு வருடம் அப்படியே இருந்தோம். பெரியவர்கள் இருமுறை கூடிப் பேசியபோதும் பழைய கணக்குத்தான் மேலெழுந்தது; அம்மாவின் குழிமேட்டை இருவருமாகத் துப்புரவு செய்த ஒரு முற்பகலில்தான் பேச்சுத் திரும்பியது. ஆகவே, பிணக்கைப் பேசித் தீர்ப்பதற்கு முன் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள் என்பேன்.

எல்லோருக்கும் விடுமுறையான போயா (பௌர்ணமி) தினத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தை, மாசியும், பதுளை, அப்புத்தளைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரையும் மழை குறைந்த காலம். அழைப்பை நீங்களே அனுப்புங்கள், தூது வேண்டாம். "அண்ணே, அம்மா குழிமேட்டுல புல் மண்டிக் கெடக்கு. போயா அன்னைக்கு ரெண்டு பேரும் போவமா?" என்பது போதும். மன்னிப்போ விளக்கமோ அதில் சேர்க்க வேண்டாம். பதில் வராவிட்டால் தனியாகச் சென்று பாதியை மட்டும் துப்புரவு செய்துவிட்டு, அடுத்த போயாவுக்கு மீண்டும் அழையுங்கள்.

எங்கள் மயானங்கள் பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத சரிவுகளில் இருப்பதால், வேலையில் கவனம் தேவை. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியால் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டுங்கள். மண்வெட்டியால் சுரண்டினால் அடுத்த மழையில் மேடே கரைந்துவிடும். களைக்கொல்லி அடித்தாலும் மண் வெறுமையாகி அதே கேடுதான் வரும். முதலில் மேற்புறத்து நீர் வடியும் கானைத் துப்புரவாக்கி, நீர் குழிமேட்டைச் சுற்றிப் போகும்படி திருப்புங்கள். கீழ்விளிம்பில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டால் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேட்டில் செவ்வந்தி போதும், பெரிதாக வளரும் மரம் வேண்டாம். அம்மா வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த அதே மலைச்சரிவு அவரைச் சுமந்திருக்கிறது என்று உணர்ந்து மண்ணைக் கையாளும்போது, அவருடைய சாவை நாங்கள் அதுவரை பணக்கணக்காக மட்டுமே நினைத்திருந்தோம் என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது.

களைத்து உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது பேசுங்கள். உங்கள் தவறை முதலில், ஒரே ஒரு தவறை, காரணம் சொல்லாமல் ஒப்புக்கொள்ளுங்கள். "அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். "ஆனால்" என்று தொடர்ந்தால் எல்லாம் வீணாகும். பணப் பேச்சை இன்னொரு நாளுக்கு வைத்து, அன்று ஆவணங்களோடு உட்காருங்கள். தோட்டத்துக்குச் சொந்தமான லயன் அறைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் சேர்ந்த சேமலாப நிதி, இறந்தவர் எழுதிக்கொடுத்திருந்த பெயருக்கே போகும். இதை அறியாததால் முறிந்த உறவுகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சொந்த நிதிக்கு யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் குழிமேடு வாய்ப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது புதையுண்ட பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. தோட்ட மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்து, ஒரு பகுதி நீலகிரிக்குப் போனபின் இங்கே கவனிப்பாரற்றுப் போன குழிமேடுகளும் உண்டு. அத்தகையவர்கள், இறந்தவர் கடைசியாக வேலை செய்த மலையிலோ வீட்டு வாசலிலோ ஒரு செடியைச் சேர்ந்து நடலாம், கடல் கடந்திருக்கும் உறவுக்கு அதைக் கைபேசியில் காட்டி, "எந்த இடத்தில் வைக்க?" என்று அவர்களையே முடிவெடுக்க விடுங்கள்.

மயானத்திலிருந்து இறங்குவதற்கு முன் அடுத்த துப்புரவு நாளை முடிவு செய்து, கத்தியை உங்கள் வீட்டிலும் மண்வெட்டியை அண்ணன் வீட்டிலுமாக வைத்துக்கொள்ளுங்கள்.