கார் இல்லாமல் தேம்ஸ் கரையில் ஒரு நாள்: கோரிங்கிலிருந்து வாலிங்ஃபோர்ட் வழியாகச் சோல்ஸி வரை

ஆற்றோரமாக நடக்க வேண்டும், வழியில் ஒரு கோட்டை, ஒரு பழைய பாலம், ஒரு தேவாலயம் பார்க்க வேண்டும், இருட்டுவதற்குள் ரயிலேறிவிட வேண்டும். லண்டனிலோ ரெடிங்கிலோ ஆக்ஸ்ஃபோர்டிலோ இருப்பவர்களுக்கு இதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வழி இதுதான். கோரிங் ஸ்டேஷனில் இறங்கி, தேம்ஸ் ஆற்றை ஒட்டி வாலிங்ஃபோர்ட் வரை நடந்து, அங்கிருந்து வயல்வழியே சோல்ஸி ஸ்டேஷனுக்குப் போவது. முதல் பகுதி சுமார் 11 கிலோமீட்டர், இரண்டாவது 5 கிலோமீட்டர் இருக்கும். ஏற்ற இறக்கம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

திட்டம் போடும்போது எல்லாரும் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் முதலில் பட்டியல் போடுவார்கள். ஆற்றங்கரை நடைக்கு அது சரிப்படாது. முதலில் பாலங்களை எழுதுங்கள். எந்தப் பாலத்தில் ஏறுகிறோம், அடுத்த பாலம் எங்கே, இரண்டுக்கும் நடுவில் நாம் எந்தக் கரை என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். கோரிங் பாலத்தை விட்டால் நடந்து கடக்க அடுத்து நம்பி வைத்துக்கொள்ள வேண்டியது வாலிங்ஃபோர்ட் ஊர்ப்பாலம்தான். நடுவில் வருவது ரயில்பாலம், ஊருக்குச் சற்று முன்னால் வருவது பைபாஸ் சாலைக்கான பாலம். தவறான கரையில் நடந்தால் எதிர்க்கரையில் இருக்கும் வழிகாட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

படி 1: நாளும் டிக்கெட்டும்

மே முதல் செப்டம்பர் வரை எந்த நாளும் சரி. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், அதோடு மழைக்காலத்தில் கரைப்பாதை தண்ணீருக்குள் போவது இங்கே சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாள வேலை நடக்கிறதா என்று முந்தின இரவே நேஷனல் ரயில் தளத்தில் பார்த்துவிடுங்கள். ரயிலுக்குப் பதில் பஸ் விட்டால் ஒரு மணி நேரம் அப்படியே போய்விடும்.

கோரிங்கும் சோல்ஸியும் ஒரே லைனில், ரெடிங்குக்கும் டிட்காட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. லண்டனிலிருந்து வருபவர்கள் தூரத்தில் உள்ள சோல்ஸிக்கு ஆஃப்-பீக் ரிட்டர்ன் (நெரிசல் இல்லாத நேரத்துக்கான போக-வர டிக்கெட்) எடுத்து, போகும்போது முன்னதாகவே கோரிங்கில் இறங்கலாம். டிக்கெட்டின் நிபந்தனையில் நடுவில் இறங்கத் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று அட்வான்ஸ் டிக்கெட் எடுக்காதீர்கள். அதில் நடுவில் இறங்கவும் முடியாது, சொன்ன ரயிலைத் தவிர வேறு ரயிலில் ஏறவும் முடியாது. நடந்து முடியும் நேரத்தை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு நல்லது: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, குழந்தைகளுக்கு 60 சதவீதம் குறையும். வேக ரயில்கள் இந்த ஸ்டேஷன்களில் நிற்காது, ஒவ்வொரு ஊரிலும் நின்று போகும் வண்டியைப் பிடியுங்கள்.

படி 2: மேப்

கூகுள் மேப் சாலைக்குத்தான். வயல்வெளிப் பாதைக்கு பிரிட்டனின் தேசிய மேப் நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை மேப், அதாவது 1:25,000 அளவில் ஆரஞ்சு அட்டை போட்டது, அதற்கு ஈடு எதுவும் இல்லை. வாலிங்ஃபோர்டுக்கு எண் 171. காகித மேப் வாங்கினால் போனில் இறக்கிக்கொள்ள ஒரு குறியீடும் உள்ளே இருக்கும். வீட்டில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றோரம் சிக்னல் வரும், போகும்.

மேப்பில் பச்சைப் புள்ளிக்கோடு என்றால் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதை. கறுப்புப் புள்ளிக்கோடு என்றால் தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அதில் போக உங்களுக்கு உரிமை உண்டு என்று பொருளில்லை. இங்கே பாதை பெரும்பாலும் யாரோ ஒருவரின் வயல் நடுவே போகிறது. உரிமையுள்ள பாதையில் போனால் விவசாயியே சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்வார். கதவைத் திறந்தால் எப்படி இருந்ததோ அப்படியே மூடிவிட்டு வாருங்கள்.

படி 3: கோரிங்கில் சரியான பக்கம் திரும்புவது

இங்கேதான் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தேசிய நடைபாதைகளுக்கெல்லாம் ஒரே சின்னம்: ஓக் மரத்தின் கொட்டை. கோரிங்கில் அப்படிப்பட்ட இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. ஒன்று தேம்ஸ் பாத். இன்னொன்று ரிட்ஜ்வே, ஓவர்ட்டன் குன்றிலிருந்து ஐவிங்ஹோ பீக்கன் வரை 87 மைல் போகும் மிகப் பழைய வழித்தடம். இரண்டிலும் அதே கொட்டைச் சின்னம்தான் இருக்கும். அதனால் சின்னத்தை மட்டும் பார்த்து நடக்கக் கூடாது, பலகையில் எழுதியிருக்கும் பெயரையும் படிக்க வேண்டும்.

பெயரைப் படித்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. கோரிங் பக்கக் கரையில் தேம்ஸ் பாத் என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு போனால் அது உங்களை ஆறு ஓடும் திசையில் கீழ்நோக்கி, விட்சர்ச், பாங்போர்ன் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடும். அதே கரையில் மேல்நோக்கிப் போகிற கொட்டைச் சின்னம் ரிட்ஜ்வேயினுடையது. அது சவுத் ஸ்டோக், நார்த் ஸ்டோக் வழியாகப் போய் வாலிங்ஃபோர்டுக்குள் நுழையாமலே கிழக்கே திரும்பிவிடுகிறது. நமக்கு வேண்டியது எதிர்க்கரை.

ஆக, ஸ்டேஷனிலிருந்து இறங்கி ஊர் நடுவே வந்து, ஆற்றுப்பாலத்தை முழுசாகக் கடந்துவிடுங்கள். பாலம் நடுவில் தீவுகள்மேல் கால் ஊன்றிப் போவதால் கடந்துவிட்டோம் என்ற எண்ணம் முன்னாலேயே வந்துவிடும். ஸ்ட்ரீட்லி ஊருக்குள் வந்து, தேவாலயத்தை ஒட்டிப் போகும் பாதையைப் பிடித்தால் ஆற்றங்கரைப் புல்வெளி வந்துவிடும். அப்புறம் ஒரே ஒரு சோதனை போதும்: ஆறு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தால் திரும்புங்கள்.

நடக்க ஆரம்பிக்கும் முன் பாலத்தின்மேல் கொஞ்சம் நின்று சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் சில்டர்ன் குன்றுகள், மறுபக்கம் பார்க்‌ஷர் டவுன்ஸ், நடுவில் ஆறு. சுண்ணாம்புக் குன்றுத் தொடரை பனியுகக் காலத்தில் தேம்ஸ் அறுத்துக்கொண்டு வந்த இடம் இது. ஆறு, பழைய வழித்தடம், ரயில் மூன்றும் இந்த ஒரே இடைவெளியில் போவதற்குக் காரணமும் அதுதான்.

படி 4: மோல்ஸ்ஃபோர்டில் ஆறு காணாமல் போகும், பதற வேண்டாம்

மூன்று கிலோமீட்டர் போல நடந்ததும் மோல்ஸ்ஃபோர்டில் பாதை ஆற்றைவிட்டு விலகி மெயின் ரோட்டுக்கு ஏறும். நிறையப் பேர் இங்கே வழி தப்பிவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். தப்பவில்லை. இந்தப் பாதை முதலில் நமக்காகப் போட்டதல்ல, சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகளுக்காகப் போட்டது. அது கரை மாற வேண்டிய இடங்களில் குதிரையையும் ஆளையும் அக்கரைக்குக் கொண்டுபோகப் பரிசல்துறை இருந்தது, மோல்ஸ்ஃபோர்டிலும் இருந்தது. சரக்கு ரயிலுக்கு மாறியதும் படகுப் போக்குவரத்து தேய்ந்தது, பின்னால் துறைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 1996-இல் தேம்ஸ் பாத்தைத் தேசிய நடைபாதையாகத் திறந்தபோது துறை இல்லாத இடங்களில் இப்படி ஊருக்குள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ரோட்டோரமாகவே ஊரைத் தாண்டுங்கள். பள்ளிக்கூடத்தைக் கடந்ததும் வலப்பக்கம் ஆற்றுக்குத் திரும்பும் பலகையைக் கவனமாகப் பாருங்கள், அதைத் தவறவிட்டால் ரோட்டிலேயே போய்க்கொண்டிருப்பீர்கள்.

திரும்பியதும் இந்த நடையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் வரும். பொறியாளர் புரூனெல் கட்டிய ரயில்பாலம், 1838–40 காலத்தில் கிரேட் வெஸ்டர்ன் லைனுக்காக எழுந்தது. ரயில் ஆற்றை நேர்க்குறுக்காக அல்லாமல் சாய்வாகக் கடக்கிறது. பாதை பாலத்தின் அடியிலேயே போவதால் அண்ணாந்து பாருங்கள்: செங்கல் வரிசைகள் நேராக ஓடாமல் முறுக்கிவிட்ட மாதிரி சாய்ந்து சாய்ந்து ஏறும். வளைவு சாய்வாக இருக்கும்போது பாரம் சரியாக இறங்க வேண்டுமானால் செங்கலையும் சாய்த்துத்தான் அடுக்க வேண்டும். பக்கத்திலேயே பின்னால் தண்டவாளம் அதிகமானபோது கட்டிய இரண்டாவது பாலமும், இரண்டையும் இணைக்கும் செங்கல் குறுக்குத் தாங்கல்களும் தெரியும். மேலே ரயில் போகும் வரை காத்திருங்கள்.

இதற்கப்புறம் ஆறு அமைதியாக இருக்கும். கோரிங்கை அடுத்த கிளீவ் லாக்கிலிருந்து பென்சன் லாக் வரை, சுமார் ஆறரை மைலுக்கு, படகுகளை ஏற்றி இறக்கும் மதகு எதுவுமே கிடையாது. கடல் ஏற்றம் எட்டாத தேம்ஸில் லாக் இல்லாத நீளமான பகுதி இதுதான். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத் துடுப்புக்காரர்கள் வாலிங்ஃபோர்டில் வந்து பயிற்சி எடுப்பதும் அதனால்தான். நமக்கு அதன் பொருள் வேறு: லாக் இல்லையென்றால் அங்கே கிடைக்கும் கழிப்பறையும் குடிதண்ணீரும் இல்லை, வழியில் எதிர்பார்க்காதீர்கள். கோரிங்கிலேயே எல்லாம் முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். சாப்பாடும் கையில் இருக்கட்டும். புளியோதரையும் சிப்ஸும் இந்தப் புல்வெளிக்கு அவ்வளவு பொருத்தம், அதோடு மதியம் தாண்டினால் பல பப்களில் சமையலறையை மூடிவிடுவார்கள்.

படி 5: வாலிங்ஃபோர்ட்

இங்கே இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கோட்டை என்றதும் கோபுரமும் அகழியும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1652-இல் கிராம்வெல் காலத்தில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது பெரிய மண்மேடும், சில சுவர்த் துண்டுகளும், அடுக்கடுக்கான பள்ளங்களும்தான். ஆனால் வரலாறு தெரிந்து போனால் அந்த மேடே போதும். 1066-இல் ஹேஸ்டிங்ஸில் வென்ற வில்லியம் லண்டனைச் சுற்றி வந்து தேம்ஸைக் கடந்தது இந்த ஊரில். கொஞ்ச நாளிலேயே கோட்டை எழுந்தது. 1142 குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டையில் முற்றுகையிடப்பட்டிருந்த மட்டில்டா (அரியணைக்காக ஸ்டீபன் மன்னரோடு உள்நாட்டுப் போர் நடத்தியவர்), பனியில் தெரியாமலிருக்க வெள்ளை உடுத்துத் தப்பி ஓடி வந்து சேர்ந்ததும் இங்கேதான். 1153-இல் அந்த உள்நாட்டுப் போரை முடிக்க உடன்பாடு கண்டதும் இங்கே. உடன்பாட்டின்படி மட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி அரசரானார். அவ்வளவு பெரிய விஷயமெல்லாம் நடந்த இடத்தில் இப்போது மாடு மேய்கிறது, டிக்கெட் கிடையாது, யாரும் தடுப்பதில்லை.

அதைவிடப் பழையது கின்கிராஃப்ட் புல்வெளியைச் சுற்றி நிற்கும் மண்கரை. வைக்கிங்குகளைத் தடுக்க ஆல்ஃபிரட் மன்னர் காலத்தில் எழுப்பிய அரண் அது. மேலே ஏறி நடக்கலாம். அதன் அருகே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் வெண்கலச் சிலை 2023-இல் வைத்தது.

பாலத்தை ஓரமாக நின்று எண்ணிப் பாருங்கள்: 19 வளைவுகள், 900 அடி. அவற்றில் சிலதான் தண்ணீர்மேல் நிற்கின்றன, மற்றவை வெறும் புல்வெளிமேல். வெள்ளம் வரும்போது ஆறு அந்தப் புல்வெளி முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டம் படித்தவர்கள் பாலத்தருகே துளைத்துளையான கூம்புக் கோபுரத்தோடு நிற்கும் செயின்ட் பீட்டர் தேவாலயத்தையும் பாருங்கள், ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் அடக்கமாகியிருப்பது அங்கேதான்.

படி 6: சோல்ஸிக்கு

கால் வலித்தால் இங்கேயே பஸ் பிடித்துவிடலாம், ரெடிங் பக்கமும் ஆக்ஸ்ஃபோர்ட் பக்கமும் பஸ் உண்டு. கோரிங்கில் தொடங்கச் சொல்வது இதனால்தான், களைப்பு வரும் நேரத்தில் ஊர் பக்கத்தில் இருக்கும். தெம்பு இருந்தால் வின்டர்புரூக் வழியாக நடங்கள். அகதா கிறிஸ்டி 1976-இல் இறந்தது அங்கிருந்த தன் வீட்டில்தான், இப்போதும் அது தனியார் வீடு, தெருவில் நின்று அவர் வாழ்ந்ததைக் குறிக்கும் நீலப் பலகையைப் பார்த்துவிட்டு நகருங்கள். அவருடைய கல்லறை சோல்ஸி செயின்ட் மேரி தேவாலயத்தில், ஊரைவிட்டுச் சற்று ஒதுங்கி வயலோரம் இருக்கிறது. வளாகத்தின் மூலையில் உயரமான கல், கணவர் மாலவனும் அதே இடத்தில். அங்கிருந்து ஸ்டேஷன் ஊரின் இன்னொரு முனை, ரயிலுக்கு அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

பின்சேர்க்கைகள்

குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போக முடியுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். முழு வழிக்கும் வேண்டாம். ஒருவர் மட்டும் உடலை வளைத்து நுழையும் கதவுகள் வரும், வண்டி நுழையாது. முதுகில் சுமக்கும் பை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வாலிங்ஃபோர்டுக்கு நேரே பஸ்ஸில் போய்க் கோட்டைப் பக்கம் மட்டும் சுற்றுங்கள்.

வெயிலில் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கேட்பார்கள். லாக்கிலும் கலிங்கருகிலும் எக்காரணம் கொண்டும் இறங்க விடாதீர்கள், மேலே அசையாத மாதிரி தெரிந்தாலும் அடியில் இழுக்கும். லாக்குகளில் சிவப்புப் பலகை போட்டிருந்தால் நீரோட்டம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அது படகுக்காரர்களுக்கான எச்சரிக்கை, ஆனால் மேலே எங்கோ நல்ல மழை என்பதை நமக்கும் சொல்லிவிடும், கரைப்பாதை சேறாகத்தான் இருக்கும்.

ஒரு வாசகி வாலிங்ஃபோர்டைத் தாண்டி பென்சன் பக்கம் தொடர்ந்து போக நினைத்ததைச் சொல்லியிருந்தார். போகலாம், ஆனால் அங்கே பாதை கலிங்கின்மேல் உள்ள நடைபாலத்தில் கரை மாறுகிறது. இந்த மாதிரிப் பாலங்கள் பழுது காரணமாக மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். ஹென்லி அருகே மார்ஷ் லாக் மரப்பாலம் 2022-இல் அப்படித்தான் மூடப்பட்டது. கிளம்பும் முன் நேஷனல் டிரெயில்ஸ் தளத்தில் தேம்ஸ் பாத் பக்கத்தைத் திறந்து, மூடிய இடங்களின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.