வீட்டு லேபுக்கு கெமிக்கல் வாங்கறதுக்கு முன்னாடி சட்டத்த எப்படி பாக்கறது

ஒரு தடவ கெமிக்கல் விக்கற கடைக்கு போன் பண்ணி 50 கிராம் அயோடின் கேட்டேன். எதிர்ல இருந்தவர் "எதுக்கு வேணும்?"னு கேட்டார், நான் "சும்மா, வீட்டுல எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு"ன்னு இழுத்தேன், ஸ்டாக் இல்லன்னு சொல்லி வச்சிட்டார். அன்னிக்கு ரொம்ப கோவம் வந்துச்சு. அப்புறம் படிச்சுப் பாத்தா அமெரிக்காவுல அயோடின் 2007ல இருந்து லிஸ்ட் 1 கெமிக்கல் (போதைமருந்து செய்யப் பயன்படறதால அரசாங்கம் கண்காணிக்கற லிஸ்ட்), சிவப்பு பாஸ்பரஸ் அதுக்கும் முன்னாடி 2001லயே அந்த லிஸ்ட்டுல சேந்தாச்சு, ரெண்டையும் மெத்ங்கற போதைமருந்த காய்ச்சறவங்க தேடறதாலதான். அந்த ஆள் பயந்தது நியாயம்தான். பதில் தயாரா வச்சுக்காம நான் போன் பண்ணதுதான் தப்பு.

அதனால முதல் வேலை, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி அதோட சிஏஎஸ் நம்பர (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியா குடுத்திருக்கற அடையாள எண்) எடுங்க. பேர வச்சு தேடாதீங்க, ஏமாந்துடுவீங்க. எம்இகே, மெத்தில் எத்தில் கீட்டோன், 2-பியூட்டனோன் மூணும் ஒரே சரக்குதான், நம்பர் 78-93-3. சட்ட லிஸ்ட்டுல ஒரு பேர் இருக்கும், பாட்டில்ல இன்னொரு பேர் இருக்கும், நம்பர் மட்டும் மாறாது.

அந்த நம்பர வச்சுக்கிட்டு உங்க நாட்டு அரசாங்கத்தோட லிஸ்ட்டுகள பாருங்க. ஒரே லிஸ்ட் பாத்துட்டு விட்டுடாதீங்க, போதைமருந்து மூலப்பொருள் லிஸ்ட் தனி, வெடிமருந்து மூலப்பொருள் லிஸ்ட் தனி, விஷம் ஆசிட் விக்கறதுக்கான விதி தனி, ரசாயன ஆயுத ஒப்பந்தத்தோட அட்டவணையும் தனி (தையோனைல் குளோரைடு அதுல மூணாவது அட்டவணைல இருக்கு). போதைமருந்து லிஸ்ட்டுக்கு அடிப்படை 1988ல வந்த ஐநா ஒப்பந்தம். அதுல டேபிள் 1, டேபிள் 2ன்னு ரெண்டு. அசிட்டிக் அன்ஹைட்ரைடு, பொட்டாசியம் பர்மாங்கனேட் ரெண்டும் டேபிள் 1. அசிட்டோன், டொலுயீன், ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சல்ஃப்யூரிக் ஆசிட் டேபிள் 2. இத பாத்து உடனே அசிட்டோன் வச்சிருந்தாலே குத்தமான்னு பதறாதீங்க, ஒப்பந்தம் முக்கியமா உற்பத்தியையும் வியாபாரத்தையும் கண்காணிக்கத்தான், தனி ஆளுக்கு எது ஓகே எது கூடாதுங்கறத ஒவ்வொரு நாடும் தன் சட்டத்துல சொல்லும். இன்னொரு விஷயம், அந்த ரெண்டு ஆசிட்டோட உப்புகள டேபிள் 2ல சேக்கவே இல்ல, அப்படி இல்லன்னா ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டோட உப்பான சோத்து உப்பே மாட்டியிருக்கும். லிஸ்ட்டுக்கு அடில இருக்கற இந்த மாதிரி குறிப்பையும் விடாம படிங்க.

அடுத்தது செறிவு, நிறைய பேர் கோட்ட விடறது இங்கதான். ஐரோப்பிய யூனியன்ல 2019/1148னு ஒரு விதி இருக்கு, 2021 பிப்ரவரி 1ல இருந்து அமல். அதுப்படி சாதாரண ஆளுங்க 12 சதவீதத்துக்கு மேல ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதத்துக்கு மேல நைட்ரிக் ஆசிட், 15 சதவீதத்துக்கு மேல சல்ஃப்யூரிக் ஆசிட், 16 சதவீதத்துக்கு மேல நைட்ரோமீத்தேன் வாங்க முடியாது. லைசென்ஸ் குடுக்கற நாடா இருந்தா அதுக்கும் ஒரு உச்ச வரம்பு இருக்கு. கவனிங்க, அந்த விதி வாங்கறத மட்டும் தடுக்கல, வச்சிருக்கறதையும் பயன்படுத்தறதையும் சேத்துதான் தடுக்குது. அதனால நான் வாங்கல, வீட்டுலயே செறிவு ஏத்திக்கிட்டேன்னு சொல்றது பதிலே இல்ல. விதி வர்றதுக்கு முன்னாடியே வாங்கி அலமாரில மறந்து வச்ச பழைய பாட்டிலும் இதுல வரும்னுதான் நெனச்சுக்கணும்.

இந்தியாவுல வேற மாதிரி. 2013ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் ஆசிட் சில்லறைல விக்கறவங்க வாங்கறவங்களோட அரசு போட்டோ ஐடி பாத்து, முகவரி, காரணம் எல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதணும், 18 வயசுக்குக் கீழ இருந்தா விக்கக் கூடாது. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்க போராடி வாங்கின உத்தரவு அது. ரிஜிஸ்டர்ல எழுதச் சொன்னா முகம் சுளிக்காம எழுதுங்க.

விக்கறவர் முடியாதுன்னு சொன்னா சட்டம் தடுக்குதா, இல்ல அந்த கம்பெனியோட பாலிசியான்னு பிரிச்சுப் பாருங்க. நிறைய கம்பெனி தனி ஆளுக்கு உப்பு கூட விக்காது, அது அவங்க முடிவு, அதுக்காக அந்தப் பொருள் தடைன்னு அர்த்தம் இல்ல. அதே சமயம் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். இல்லாத கம்பெனி பேர்ல ஆர்டர் போடறது, காலேஜ்ல வேலை பாக்கற ஃப்ரெண்ட காலேஜ் பேர்ல வாங்கித் தரச் சொல்றது, எண்ட் யூஸ் டிக்ளரேஷன்ல (எதுக்கு பயன்படுத்தப் போறோம்னு எழுதிக் குடுக்கற உறுதிமொழி) பொய் எழுதறது, இதெல்லாம் பொருள் தடையே இல்லாட்டி கூட உங்கள சந்தேகத்துக்குரிய ஆளா மாத்திடும், அந்த ஃப்ரெண்டோட வேலையும் போயிடும். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா இறக்குமதி பண்றவர் நீங்கதான், "சாய சாம்பிள்"னு பொய் லேபிள் ஒட்டி அனுப்பறேன்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட வாங்காதீங்க.

"எதுக்கு?"ன்னு கேட்டா உண்மைய முழுசா சொல்லுங்க. நான் இப்ப ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே நோட்டுல எழுதிடறேன். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: காப்பர் சல்ஃபேட், 7758-99-8, 250 கிராம், படிகம் வளக்க, எந்த தேதில எங்க வாங்கினது, பில் ஒட்டியாச்சு. கீழ கோடு போட்டு, எடுக்கற ஒவ்வொரு தடவையும் எவ்வளவு எடுத்தேன் எவ்வளவு மிச்சம்னு. போன்ல கேட்டா இத அப்படியே படிச்சுடுவேன். அளவும் இதுலயே கட்டுப்படும், எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு 20 கிராம் போதும்னு எழுதிட்டு ரெண்டு கிலோ ஆர்டர் பண்ண கை வராது.

பாட்டில ஒரிஜினல் லேபிளோடவே வைங்க. ஜாம் பாட்டில்ல மாத்தி வச்ச அயோடின் ஒரே மாசத்துல தகர மூடிய அரிச்சு, தட்டு பூரா பழுப்பா கறையாக்கிடுச்சு, லேபிளும் கிடையாது, யாராவது வந்து பாத்தா அது என்னன்னு நான் எப்படி நிரூபிக்கறது? ஒவ்வொரு கெமிக்கலுக்கும் தயாரிக்கற கம்பெனி வெளியிடற பாதுகாப்பு ஷீட்ட (எஸ்டிஎஸ்) பிரிண்ட் எடுத்து பக்கத்துலயே வைங்க. அதுல 14வது பகுதி எடுத்துட்டுப் போற விதி, 15வது பகுதி சட்ட விவரம், வாங்கறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டையும் படிச்சா பாதி குழப்பம் போயிடும். வாடகை வீடுன்னா அக்ரிமெண்ட்டையும் இன்சூரன்ஸ் இருந்தா அதையும் பாருங்க, எரியற திரவம் பத்தி அதுல ஏதாவது எழுதியிருக்கலாம்.

லிஸ்ட்ட பாத்தும் சந்தேகம் தீரலன்னா லைசென்ஸ் குடுக்கற ஆபீசுக்கே எழுத்துல கேளுங்க, பதில ஃபைல்ல வைங்க. பதில் வர்ற வரைக்கும் ஆர்டர் போடாதீங்க. ஏற்கனவே வீட்டுல இருக்கறது லிஸ்ட்டுல வருதுன்னு தெரிஞ்சா பதட்டத்துல சிங்க்ல ஊத்திடாதீங்க, அது தனி குத்தம், ஆபத்தும் கூட. ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு, எப்படி ஒப்படைக்கறதுன்னு கேட்டு செய்யுங்க. அதிகாரிங்க வீட்டுக்கே வந்துட்டா எதையும் மறைக்காதீங்க, அழிக்காதீங்க, எந்த பாட்டில் எங்க இருக்கு, எத தொடக்கூடாதுன்னு முதல்ல சொல்லுங்க, நோட்டையும் பில்லையும் எடுத்துக் குடுங்க, மத்த கேள்விக்கெல்லாம் வக்கீல் வந்தப்புறம் பதில் சொல்றேன்னு மரியாதையா சொல்லலாம்.