அறிவிப்புப் பலகையில் அடித்தாளையும் படியுங்கள்

கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, அறிவிப்புப் பலகையில் மேலே குத்தியிருக்கும் புதுத்தாளோடு நிறுத்திவிடாமல், அடியில் மஞ்சளடித்துக் கிடக்கும் தாள்களையும் தூக்கிப் பாருங்கள். முதலில் தேதி, அப்புறம் விஷயம்.

முக்கியமாகத் தேட வேண்டியது போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் குறிப்புகள். அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில், "லிஃப்டை மாற்றுவதாக முடிவு செய்தீர்களே, என்ன ஆச்சு?" என்று தாளைக் காட்டிக் கேட்டால் நிர்வாகக் குழு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், வெறும் வாய்ப்பேச்சுக்கு அந்தப் பலம் கிடையாது.

கூட்ட அறிவிப்பையும் கவனியுங்கள். அடுக்குமாடிகளின் நிர்வாகத்துக்கான மலேசியச் சட்டமான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராடா நிர்வாகச் சட்டப்படி குறைந்தது 14 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். கூட்டத்துக்கு 7 நாள் இருக்கும்போது பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்றால் பொதுவாக ஓட்டுரிமை இல்லை. பலருக்கு இது கூட்டத்தன்றுதான் தெரிகிறது, பாவம்.

பழுது பார்ப்பவர்களின் பழைய விளம்பரம் என்றால் தொலைபேசி எண்ணைப் பாருங்கள்: கோலாலம்பூர் வட்டாரக் குறியீடான 03க்குப் பிறகு ஏழு இலக்கம்தான் இருக்கிறதா? விட்டுவிடுங்கள், இப்போது எட்டு.